மென் எஃகின் இணைத்தரங்கள்: ஒப்பீட்டின் வழியும் வரம்பும்

(வென்ட்வேர்த்வில் பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கட்டடங்களையும் பாலங்களையும் தாங்கி நிற்கும் எஃகில் மிகப் பெரும் பங்கு, கார்பன் அளவு ஏறத்தாழ 0.25 விழுக்காட்டுக்குள் அடங்கிய மென் எஃகே ஆகும். வெட்டவும் துளையிடவும் வளைக்கவும் பற்றவைக்கவும் எளிதாக இடம் தருவதால், தமிழ்நாட்டுப் பட்டறைகளில் எம்.எஸ். என்ற இரண்டு எழுத்தில் வழங்கும் இவ்வெஃகு உலகெங்கும் கட்டுமானத்தின் அடிப்படைப் பொருளாக நிலைபெற்றுள்ளது. ஆனால் ஒவ்வொரு நாடும் இதற்குத் தனித்தனி தரநிலை வகுத்து, தனித்தனிப் பெயர் சூட்டி, தனித்தனி முறையில் சோதித்து வந்திருப்பதால், ஒரு நாட்டின் தரத்துக்கு மற்றொரு நாட்டின் எந்தத் தரம் ஈடாகும் என்ற கேள்வி, எஃகு கடல் கடக்கும்போதெல்லாம் எழுகிறது.

சிட்னியின் மேற்குப் புறநகர்களுக்கு இக்கேள்வி நெருக்கமானது. வென்ட்வேர்த்வில், வெஸ்ட்மீட், பெண்டில் ஹில், தூங்காபி வட்டாரத்தில் வாழும் தமிழர்களுள் கட்டமைப்புப் பொறியியலும் வரைவுப் பணியும் பற்றவைப்பும் தொழிலாகக் கொண்டோர் உள்ளனர். சென்னையிலோ கோவையிலோ படித்தவர் ஐ.எஸ். 2062 என்ற இந்தியத் தரநிலையோடும், பேராதனையிலோ மொறட்டுவையிலோ படித்த மூத்த தலைமுறையினர் பி.எஸ். 4360 என்ற பழைய பிரித்தானியத் தரநிலையோடும் வளர்ந்தவர்கள். இங்கு வந்தபின் அவர்கள் ஏ.எஸ். 4100 என்ற ஆஸ்திரேலிய எஃகுக் கட்டமைப்பு விதித்தொகுப்பின்படி வேலை செய்கின்றனர். கையேடுகளில் அச்சாகும் இணைத்தர அட்டவணைகள் அவர்களுக்கு உதவுகின்றன என்றாலும், அவ்வட்டவணைகள் சொல்லாமல் விடுவதே அதிகம். ஒரு தரம் இன்னொரு தரத்துக்குப் பொதுவாக ஈடு என்று கூறுவதற்கில்லை. இன்ன தடிமனில், இன்ன இணைப்பில், இன்ன குளிரில், இன்ன வேலைக்கு ஈடு என்று மட்டுமே கூற இயலும் என்பதும், அந்த ஈடும் பெரும்பாலும் ஒரு திசையில் மட்டுமே செல்லும் என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்தாகும்.

பெயர்களில் உள்ள எண்கள்

எஃகுத் துண்டு ஒன்றைச் சோதனைப் பொறியில் பூட்டி இழுக்கும்போது, முதலில் அது சுமைக்கு ஏற்ப நீண்டு, சுமை நீங்கியதும் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. ஒரு கட்டத்தைத் தாண்டியபின் திரும்பாமல் நிரந்தரமாக நீளத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்கும் விசை இளகு வலிமை எனப்படும். மேலும் இழுத்து, அறுவதற்கு முன் எட்டும் உச்ச அளவு இழுவலிமை எனப்படும். இரண்டும் மெகாபாஸ்கல் என்ற அலகில் கூறப்படுகின்றன. ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் விசை.

தரப் பெயர்களில் உள்ள எண் சில நாடுகளில் இழுவலிமையையும் சில நாடுகளில் இளகு வலிமையையும் குறிப்பதே முதற்குழப்பத்துக்குக் காரணம். பழைய ஜெர்மானியத் தரமான எஸ்.டி. 37 இழுவலிமையைச் சதுர மில்லிமீட்டருக்குக் கிலோகிராம் கணக்கில் சொன்னது. அதன் இடத்தைப் பிடித்த ஐரோப்பியத் தரமான எஸ் 235 இளகு வலிமையைச் சொல்கிறது. பிரித்தானிய 43ஏ தரத்தின் 43 இழுவலிமை. அதன் வாரிசான எஸ் 275-இன் எண் இளகு வலிமை. ஜப்பானின் எஸ்.எஸ். 400 இன்றும் இழுவலிமையையே பெயராகக் கொண்டிருக்க, சீனத்தின் கியூ 235 இளகு வலிமையைக் கொண்டிருக்கிறது. இந்தியாவில் எஃப்.இ. 410 டபிள்யூ என்று இழுவலிமையால் அறியப்பட்ட எஃகு, 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இ 250 என்று இளகு வலிமையால் அழைக்கப்படுகிறது. 1960-இல் வந்த அமெரிக்க ஏ 36 தரத்தின் 36 என்பதோ, சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு கணக்கிலான இளகு வலிமையாகும். அது ஏறத்தாழ 250 மெகாபாஸ்கலுக்குச் சமம். ஆகவே எஸ்.எஸ். 400-ஐ ஆஸ்திரேலியாவின் தரம் 400 என்று கொள்பவர், 245 மெகாபாஸ்கலில் இளகும் எஃகை 400-இல் இளகுவதாகக் கணக்கிடும் பெரும்பிழையில் வீழ்வார்.

தடிமன் கூடக் குறையும் வலிமை

பெயரில் உள்ள எண், பெரும்பாலும் மெல்லிய தகட்டுக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும். தடித்த தகடு உருட்டாலையில் குறைவாக உருட்டப்பட்டு மெதுவாக ஆறுவதால் அதன் உட்கட்டமைப்பில் மணிகள் பெரிதாகி வலிமை குறைகிறது. தரநிலைகள் இக்குறைவைப் படிப்படியாக அனுமதிக்கின்றன. அந்தப் படிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

10 மில்லிமீட்டர் தகட்டில் உறுதியளிக்கப்படும் குறைந்த அளவு இளகு வலிமை, ஏ 36-க்கும் இந்திய இ 250-க்கும் 250 ஆகவும், எஸ்.எஸ். 400-க்கு 245 ஆகவும், கியூ 235-க்கு 235 ஆகவும், எஸ் 275-க்கு 275 ஆகவும் உள்ளது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் பொதுவான 3678 எண் தகட்டுத் தரநிலையில் தரம் 250-க்கு 260, தரம் 300-க்கு 310. அதே எஃகுகளை 25 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்தால் ஏ 36 மட்டும் 250-இல் நிலைத்திருக்க, இ 250 தரம் 240-க்கும், எஸ்.எஸ். 400 தரம் 235-க்கும், கியூ 235 தரம் 225-க்கும், எஸ் 275 தரம் 265-க்கும், ஆஸ்திரேலியத் தரம் 300 என்பது 280-க்கும் இறங்குகின்றன. ஆகவே 10 மில்லிமீட்டரில் ஏ 36-க்கு ஈடாக நின்ற இ 250, 25 மில்லிமீட்டரில் ஈடாக நிற்பதில்லை.

இதன் விளைவை ஒரு கணக்கில் காணலாம். 200 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட தகடு ஒன்று இழுவிசை தாங்கும் உறுப்பாகத் தரம் 300-இல் வடிவமைக்கப்பட்டது எனக் கொள்வோம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 5000 சதுர மில்லிமீட்டர். 280-ஆல் பெருக்கி, ஏ.எஸ். 4100 விதிக்கும் 0.9 என்ற திறன் காரணியையும் சேர்த்தால், இளகுதலைப் பொறுத்தமட்டில் அது தாங்கும் விசை 1260 கிலோநியூட்டன். அதே அளவில் இ 250 தகட்டை வைத்தால் 1080 கிலோநியூட்டனும், கியூ 235 தகட்டை வைத்தால் ஏறத்தாழ 1012 கிலோநியூட்டனும் மட்டுமே கிடைக்கும். இ 250 கொண்டு பழைய அளவை எட்ட 29 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிமன் வேண்டும். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் அடுத்த அளவு 32 மில்லிமீட்டர். தகடு தடித்தால் எடை கூடுவதோடு, பற்றவைப்பு முறையும் இணைப்பு விவரங்களும் மாறுகின்றன. எனவே எஃகை மாற்றுவது என்பது வரைபடத்தை மீண்டும் கணக்கிடும் வேலையாகும். கொள்முதல் சீட்டில் ஒரு பெயரை அடித்து வேறு பெயர் எழுதுவதோடு அது முடிவதில்லை.

உருட்டிய உத்தரங்களில் வடிவ வேறுபாடும் சேர்கிறது. ஆஸ்திரேலியாவின் 310 யூ.பி. 40.4 என்ற ஐ-வடிவ உத்தரம் 304 மில்லிமீட்டர் உயரமும், 165 மில்லிமீட்டர் அகலமான இணைப் பக்க விளிம்பும், மீட்டருக்கு 40.4 கிலோ எடையும் உடையது. விளிம்பின் தடிமன் 11 மில்லிமீட்டருக்குக் குறைவாதலால் தரம் 300-இல் அதன் இளகு வலிமை 320 ஆகக் கொள்ளப்படுகிறது. உயரத்தில் அதற்கு நெருங்கிய இந்திய ஐ.எஸ்.எம்.பி. 300 மீட்டருக்கு 44 கிலோவுக்கு மேல் எடை கொண்டிருந்தும், அதன் விளிம்பு 140 மில்லிமீட்டர் அகலமே உடையது. விளிம்பு சரிவாகவும் அமைந்திருப்பதால் போல்ட்டின் அடியில் சரிவு வாஷர் தேவைப்படுகிறது. எஃகின் தரம் ஒத்திருந்தாலும் உத்தரம் ஒத்திராது.

நீட்சி என்னும் விழுக்காடு

அறுவதற்குள் சோதனைத் துண்டு எவ்வளவு நீளுகிறது என்பதைக் கூறும் நீட்சி விழுக்காடு, கட்டமைப்பு ஒன்று முறியுமுன் வளைந்து எச்சரிக்கும் தன்மைக்கு அளவாகும். ஆனால் இவ்விழுக்காடு, அளக்க எடுத்துக்கொண்ட தொடக்க நீளத்தைச் சார்ந்தது. துண்டு அறுமிடத்தில் கழுத்துப்போல் சிறுத்து மிகுதியாக நீளுவதால், தொடக்க நீளம் குறுகியதாயின் விழுக்காடு உயர்ந்தும், நெடியதாயின் தாழ்ந்தும் தோன்றும். அமெரிக்க ஏ 36 தரம் தகடுகளுக்கு 200 மில்லிமீட்டரில் 20 விழுக்காடு என்றும், 50 மில்லிமீட்டரில் 23 விழுக்காடு என்றும் ஒரே எஃகுக்கு இரண்டு எண் தருவது இதனால்தான். இந்தியத் தரநிலையும் ஐரோப்பியத் தரநிலையும், குறுக்குவெட்டுப் பரப்பின் வர்க்கமூலத்தை 5.65-ஆல் பெருக்கிக் கிடைக்கும் நீளத்தைக் கொள்கின்றன. இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றுவதற்கு ஐ.எஸ்.ஓ. 2566 என்ற தனித் தரநிலை உள்ளது. அதைக் கையாளாமல் இரு சான்றிதழ்களின் நீட்சி விழுக்காடுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது பயனற்றது.

வேதியியலும் பற்றவைப்பும்

பற்றவைக்கும்போது இணைப்பின் அருகிலுள்ள எஃகு விரைந்து சூடாகி விரைந்து ஆறுகிறது. கார்பனும் மாங்கனீசும் மிகுந்த எஃகில் அப்பகுதி கடினமாகி, ஹைட்ரஜன் புகுந்தால் விரிசல் விடுகிறது. இந்த இயல்பை ஒரே எண்ணில் சுருக்குவது கார்பன் ஈட்டெண்: கார்பனோடு மாங்கனீசின் ஆறில் ஒரு பங்கும், குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றின் கூட்டில் ஐந்தில் ஒரு பங்கும், நிக்கல், செம்பு ஆகியவற்றின் கூட்டில் பதினைந்தில் ஒரு பங்கும் சேர்ந்தது அது. இ 250ஏ தரம் கார்பனை 0.23 வரையும் மாங்கனீசை 1.50 வரையும் அனுமதித்தாலும் ஈட்டெண்ணை 0.42-க்குள் நிறுத்துகிறது. கார்பன் 0.22, மாங்கனீசு 1.40 உள்ள உருக்கு, தனித்தனி வரம்புகளுக்குள் அடங்கியும், ஈட்டெண் 0.45-ஐத் தாண்டுவதால் தள்ளப்படும். எஸ் 235 தரமோ 30 மில்லிமீட்டர் வரையிலான தகட்டில் ஈட்டெண்ணை 0.35-க்குள் வைக்கிறது. ஜப்பானின் எஸ்.எஸ். 400 பாஸ்பரசுக்கும் கந்தகத்துக்கும் தவிர வேறு எதற்கும் வரம்பு வைப்பதில்லை; பற்றவைக்கும் கட்டமைப்புகளுக்கென அந்நாட்டில் எஸ்.எம். 400 என்ற வேறு தரம் உள்ளது. இணைத்தர அட்டவணையில் ஒரே வரிசையில் நிற்கும் எஸ் 235-உம் எஸ்.எஸ். 400-உம் வலிமையில் அண்டை வீட்டார் எனினும், பற்றவைப்பாளருக்கு ஒன்று எழுத்தில் உறுதி தருகிறது, மற்றது தருவதில்லை.

ஈட்டெண்ணும் எல்லாவற்றையும் காட்டுவதில்லை என்பதற்கு அண்மைக் காலச் சான்று போரான். போரான் 0.0008 விழுக்காடு இருந்தாலே எஃகு சுங்க வகைப்பாட்டில் கலப்பெஃகாகிவிடுவதால், ஏற்றுமதி வரிச்சலுகையைக் கருதிச் சீன ஆலைகள் பல சாதாரணக் கட்டுமான எஃகில் அதைச் சேர்த்து வந்தன; 2015 சனவரி முதல் சீன அரசு அச்சலுகையை நீக்கியது. இவ்வளவு சிறிய அளவும் எஃகின் கடினமாகும் இயல்பைக் கூட்டவல்லது. ஆனால் வழக்கமான ஈட்டெண் வாய்பாட்டில் போரானுக்கு இடமில்லை. ஆஸ்திரேலியாவில் இது கவலையைத் தோற்றுவித்து, 2016-இல் வெளிவந்த தகட்டுத் தரநிலையும் உத்தரத் தரநிலையும் போரானைக் கணக்கில் எடுத்துக்கொண்டன. எண்ணெல்லாம் பொருந்தியிருக்க, எண்ணில் இடம்பெறாத ஒரு தனிமமே பற்றவைப்பைக் கெடுக்கக்கூடும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

மெல்பர்ன் கிங் தெருப் பாலம்

முறிவெதிர்ப்புத் திறன் என்பது, விரிசல் ஒன்று இருந்தும் எஃகு திடீரென உடையாமல் தாங்கும் ஆற்றல். இது வெப்பநிலையோடு மாறுவது; கோடையில் வளையும் எஃகு, குளிரில் கண்ணாடிபோல் உடையக்கூடும். வெட்டுக்குறி இட்ட சிறு துண்டை ஊசல் சுத்தியலால் அடித்து, உடைவதற்கு அது உறிஞ்சிய ஆற்றலை ஜூல் கணக்கில் அளக்கும் சார்ப்பி சோதனை இதற்கு அளவுகோலாக உள்ளது.

இத்திறனைப் புறக்கணிப்பதன் விலையை ஆஸ்திரேலியா மெல்பர்னில் கண்டது. யாரா ஆற்றைக் கடக்கும் கிங் தெருப் பாலம் 1961-இல் திறக்கப்பட்டது; பி.எஸ். 968 என்ற 1941-ஆம் ஆண்டுப் பிரித்தானியத் தரநிலைக்குரிய உயர்வலிமை எஃகில் அதன் உத்தரங்கள் பற்றவைத்துச் செய்யப்பட்டன. 1962 சூலை 10 அன்று, குளிர்காலக் காலையில், 45 டன் எடையுள்ள வாகனம் ஒன்று கடந்தபோது தென்முனைக் கண்ணொன்றின் நான்கு உத்தரங்களும் முறிந்தன. கீழே இருந்த பக்கச் சுவர்கள் தாங்கிக்கொண்டதால் பாலம் முழுதாக விழவில்லை, உயிர்ச்சேதமும் இல்லை. அடிவிளிம்பில் ஒட்டுத் தகடு முடியுமிடத்தில் குறுக்காக இட்ட பற்றவைப்பின் ஓரத்தில் தோன்றிய விரிசல்களிலிருந்து முறிவு பாய்ந்தது. அவ்வெஃகு வலிமையில் குறைந்ததன்று. அதன் வேதியியல் பற்றவைப்புக்கும், முறிவெதிர்ப்பு மெல்பர்ன் குளிருக்கும் இணங்கவில்லை என்பதே குறை. இதை ஆராய அமைந்த அரச ஆணையத்தின் அறிக்கை 1963-இல் வெளிவந்தது. அவ்வெஃகு மென் எஃகினும் ஒரு படி மேலானது எனினும், பாடம் எல்லாத் தரங்களுக்கும் பொது: இழுவிசைச் சோதனையில் தேறியமை மட்டும் ஓர் எஃகை ஒரு பாலத்துக்குத் தகுதியாக்காது.

இன்றைய தரநிலைகளில் இக்கவலை பின்னொட்டு எழுத்துகளாக நிற்கிறது. ஐரோப்பியத் தரத்தில் ஜே.ஆர். என்பது 20 பாகையிலும், ஜே.0 என்பது சுழியிலும், ஜே.2 என்பது சுழிக்குக் கீழ் 20 பாகையிலும் 27 ஜூல் என்பதைக் குறிக்கும். இந்தியத் தரத்தில் ஏ என்பதற்குச் சார்ப்பி சோதனை இல்லை, பி.ஆர். என்பதற்குக் கேட்டுப் பெற்றால் அறை வெப்பநிலையில் சோதனை, பி.0 என்பதற்குச் சுழியிலும், சி என்பதற்குச் சுழிக்குக் கீழ் 20-இலும் சோதனை. ஆஸ்திரேலியத் தரத்தில் எல்.0, எல்.15 என்பன அவ்வாறே சுழியையும் சுழிக்குக் கீழ் 15-ஐயும் காட்டும். ஏ 36-இலும் எஸ்.எஸ். 400-இலும் கட்டாயச் சார்ப்பி சோதனை கிடையாது. ஏ.எஸ். 4100, கட்டுமிடத்தின் மிகக் குறைந்த ஒருநாள் சராசரி வெப்பநிலையையும் தகட்டின் தடிமனையும் கொண்டு எஃகு வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ஆகவே எஸ் 275 என்று மட்டும் எழுதிப் பின்னொட்டை விட்டுவிடும் அட்டவணை, கேள்வியின் பாதியையே கேட்டிருக்கிறது.

மாற்றீட்டின் திசை

வலிமை மிகுந்த எஃகை வலிமை குறைந்ததன் இடத்தில் வைப்பதில் தீங்கில்லை என்ற எண்ணம் பெரும்பாலும் சரியே. நிலநடுக்கத்தில் அது பிழையாகிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்பில், உத்தரம் முதலில் இளகி ஆற்றலை உறிஞ்ச வேண்டும், தூணும் இணைப்பும் உறுதியாக நிற்க வேண்டும் என்ற வரிசை வகுக்கப்படுகிறது. உத்தரத்தின் எஃகு கணக்கிட்டதினும் வலிமையாக இருந்தால், அது இளகாமல் விசையை இணைப்புக்குத் தள்ளி அதை உடைக்கும். ஏ 36 உருட்டுத் துண்டுகளின் உண்மை வலிமை பெயரளவு வலிமையின் 1.5 மடங்கு எனக் கொள்ளுமாறு அமெரிக்க நிலநடுக்க விதி கூறுவதும், ஜப்பான் 1994-இல் எஸ்.என். தரங்களை வகுத்து, எஸ்.என். 400பி தகட்டில் இளகு வலிமைக்குக் கீழ்வரம்பு 235-ஓடு மேல்வரம்பாக 355 வைத்ததும் இதனால்தான். 1989 திசம்பர் 28 அன்று நியூகாசிலில் 13 உயிர்களைப் பறித்த நிலநடுக்கத்துக்குப் பின், நியூ சவுத் வேல்சில் இதைத் தொலைநாட்டுக் கவலை என்று ஒதுக்க இயலாது.

எதிர்த் திசையிலும் ஆஸ்திரேலிய விதித்தொகுப்பு தெளிவாகப் பேசுகிறது. அடையாளம் உறுதியாகாத எஃகைப் பயன்படுத்த நேர்ந்தால், முழுச் சோதனை செய்யாதவரை, அதன் இளகு வலிமையை 170 மெகாபாஸ்கலுக்கும் இழுவலிமையை 300-க்கும் மேல் கொள்ளக்கூடாது என்று ஏ.எஸ். 4100 வரையறுக்கிறது. உண்மையில் 300-இல் இளகும் எஃகாகவே இருந்தாலும், சான்று தொலைந்த கணத்தில் அது கணக்கில் 170-ஆகச் சுருங்குகிறது. தரம் என்பது உலோகத்தின் இயல்பு பாதி, அந்த இயல்பு நிறுவப்பட்ட வழி பாதி என்பதை இதனினும் தெளிவாகக் கூறும் விதி அரிது.

அந்த வழி, ஆலைச் சோதனைச் சான்றிதழில் தொடங்குகிறது. அதில் காணும் ஹீட் எண், ஒரே உலையில் ஒரே முறை உருக்கிய எஃகைக் குறிப்பது; தகட்டின்மேல் பொறித்த எண்ணும் சான்றிதழின் எண்ணும் ஒன்றாதல் வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஏ.சி.ஆர்.எஸ். போன்ற மூன்றாம் தரப்புச் சான்றமைப்புகள் ஆலைகளையே தணிக்கை செய்கின்றன.

முறையான விவரக்குறிப்பும் சோதனையும் இருந்தால் பல நாட்டு எஃகு ஒன்றுகூடி நிற்க முடியும் என்பதற்குச் சிட்னித் துறைமுகப் பாலமே சான்று. 1932-இல் திறக்கப்பட்ட அதன் 52,800 டன் எஃகில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இங்கிலாந்திலிருந்தும், எஞ்சியது ஆஸ்திரேலிய ஆலைகளிலிருந்தும் வந்தது. 1943-இல் திறக்கப்பட்ட கொல்கத்தாவின் ஹௌரா பாலத்தில், 26,500 டன்னில் 23,000 டன் எஃகை டாட்டா ஆலை அப்பாலத்தின் தேவைக்கு ஏற்ற உயர்வலிமை எஃகாகத் தயாரித்து வழங்கியது. இரண்டிலும் எஃகு எங்கு பிறந்தது என்பது தடையாகவில்லை. எதைச் செய்ய வேண்டும் என்பது முதலில் எழுதப்பட்டு, எஃகு அதற்கு உட்பட்டது.

இணைத்தரம் தேடுவோர் பின்பற்றத்தக்க வரிசையும் இதிலிருந்தே பெறப்படும். முதலில் உறுப்பின் தடிமனைக் குறித்து, அத்தடிமனுக்குரிய இளகு வலிமையையும் இழுவலிமையையும் இரு தரநிலைகளிலிருந்தும் எடுக்க வேண்டும்; அடுத்து நீட்சியை ஒரே தொடக்க நீளத்துக்கு மாற்ற வேண்டும்; பின் ஈட்டெண்ணையும் போரான் போன்ற சிறுதனிமங்களையும் பற்றவைப்பு முறையோடு பொருத்த வேண்டும்; அதன்பின் கட்டுமிடத்தின் குளிருக்கு ஏற்ற பின்னொட்டைத் தேர வேண்டும்; நிலநடுக்க உறுப்பாயின் மேல்வரம்பையும் கேட்க வேண்டும்; இறுதியாக ஹீட் எண்ணைத் தகட்டிலும் தாளிலும் ஒப்பிட வேண்டும். இவற்றுள் ஒன்றில் தவறினாலும், வடிவமைப்பைத் திருத்துவதோ வேறு எஃகைக் கேட்பதோ பொறியாளரின் கடமையாகும்.

இந்தியத் தரநிலையும் பிரித்தானியத் தரநிலையும் கற்று இங்கு வந்தவர்களுக்கு இவ்வொப்பீட்டில் தனிச் சிறப்பிடம் உண்டு. ஒரே தரநிலையை மட்டும் அறிந்தவர் அதன் எண்களை இயற்கையின் எண்களாகக் கருதக்கூடும். இரண்டை அறிந்தவர், ஒவ்வோர் எண்ணின் பின்னும் ஒரு சோதனை முறையும் ஒரு தட்பவெப்பமும் ஒரு பயன்பாடும் நிற்பதை அறிவர். அந்த அறிவைச் சிட்னியின் வரைவு மேசைகளிலும் பட்டறைகளிலும் தயங்காமல் பயன்படுத்துவதும், பொறியியல் பயிலும் அடுத்த தலைமுறைக்குத் தமிழிலேயே தெளிவாக எடுத்துரைப்பதும் அவர்கள் ஏற்கத்தக்க பொறுப்பாகும்.